ஊர் பேர் தெரியாத கிரகம்

கொஞ்ச நாளா ஒரு மேட்டர் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன். படிச்சிட்டு யாரும் ஆட்டோ எல்லாம் அனுப்பக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன் :-)

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம்... கடந்த ரெண்டு வருஷத்துல இந்தப் பக்கம் நான் கிரகப்பிரவேசத்துக்குப் போன வீடுகளை எண்ணினா ஏழு தேறும். ஏழு வீட்டிலேயும் சாப்பாடு நல்லா இருந்தது, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஏழு வீட்டு ஹாலிலேயும் சோபாவுக்குப் பின்னாடி ஒரே படம். ஊதா கலர்ல வானம். அதுல ரெண்டு நிலா, ஒண்ணுக்கு வளையம் வேற. கீழே கண்ணாடி மாதிரி ஒரு ஏரி. கரையில் ஒரு பாறை மேல முதுகைக் காட்டிக்கிட்டு ஒத்தை ஆள். கொஞ்சம் காஸ்ட்லியான வீடுன்னா வானத்துல ஒரு திமிங்கலம் நீந்தும். இன்னும் காஸ்ட்லின்னா அருவி கீழேயிருந்து மேலே போகும்.

கிருகத்துக்குள்ள போறதுக்குத்தான் கூப்பிட்டாங்கன்னு நினைச்சேன். கிரகத்துக்குள்ள போறதுக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சது. (சரி சரி, மொக்கைதான். மேல படிங்க.)

ஒரு வீட்டில் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "அண்ணே, இது எந்த ஊர்?"னு கேட்டுட்டேன். அவர் பந்தா இல்லாத நல்ல மனுஷன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "தெரியலைப்பா, டிசைனர் காட்டின கேட்லாக்ல 14ஆம் நம்பர்"னார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. வீட்டுக்குள்ள வர்ற ஆள் யாரா இருந்தாலும் நாம முதல்ல கேக்கற கேள்வி என்ன? "எந்த ஊர்?" கல்யாணத்துல பக்கத்து இலையில உட்கார்ந்தவரைக் கேக்கறோம், ரயில்ல எதிர் சீட்டுக்காரரைக் கேக்கறோம், காய்கறிக்காரம்மா விக்கற கத்திரிக்காயைக் கூட எந்த ஊர்க் காய்னு கேட்டுத்தான் வாங்கறோம். ஹாலில் 12 அடிக்கு 10 அடி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு, பத்து வருஷம் நம்ம கூடவே இருக்கப் போற படத்தை மட்டும் ஏன் கேக்கறதில்லை? என் கட்சி இதுதான்: எந்த ஊர்னு வீட்டில் ஒருத்தராவது சொல்ல முடியாத படம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கக் கூடாது.

"இது சர்ரியலிஸம்டா, கனவு மாதிரி. கனவுக்கு ஏது ஊர்?"னு ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். அவன் மேல தப்பில்லை, கடைக்காரங்க அப்படித்தான் விக்கறாங்க. ஆனா சர்ரியலிஸத்துக்கு ஊர் உண்டு. சால்வடார் டாலி வரைஞ்ச உருகி வழியற கடிகாரப் படத்தைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. 1931ல் வரைஞ்சது, இப்ப நியூயார்க்ல நவீனக் கலை அருங்காட்சியகத்துல இருக்கு. அந்தப் படத்தோட பின்னணியில் வெயில் பட்டு மஞ்சளா நிக்குதே பாறைகள், அது கனவுல வந்த பாறை இல்லை. ஸ்பெயின்ல கட்டலோனியாக் கடற்கரை, காப் தெ க்ரேயுஸ் முனை. டாலியோட வீட்டுப் பக்கத்துப் பாறை. அந்த ஆள் தன் ஊர்ப் பாறையை உத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கனவே கண்டிருக்கார்.

இன்னொரு விஷயம். அந்தப் படத்தோட அளவு தெரியுமா? 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர். நம்ம மளிகைக் கடையில கொடுக்கற மாத காலண்டரை விடச் சின்னது! அவ்வளவு சின்னப் படம் 90 வருஷத்துக்கு மேல உலகத்தையே உறுத்திக்கிட்டு இருக்கு. நம்ம 120 சதுர அடி ஊதா வானம் ரெண்டாவது வாரத்துல நம்ம கண்ணுக்கே தெரியாம போயிடுது. சந்தேகமா இருந்தா அந்த வீட்டு ஆளுங்களைக் கண்ணை மூடச் சொல்லி, "படத்துல நிலா இடது பக்கமா வலது பக்கமா?"னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். கணவர் இடது, மனைவி வலது. நிலா நடுவுல இருந்தது :-)

சர்ரியலிஸம்ங்கறது சோபா கலருக்கு மேட்ச் பண்றதுக்காக வந்த சமாச்சாரமும் இல்லை. 1924ல் பாரிஸில் ஆந்த்ரே ப்ரெத்தோன் அதுக்கு அறிக்கை எழுதினப்போ, ஒழுங்கா அடுக்கி வெச்ச நடுத்தர வர்க்க மூளையைக் கலைச்சுப் போடறதுதான் நோக்கமா இருந்தது. இப்ப அதே பேரை வெச்சு, "மேடம், உங்க திரைச்சீலைக்கு இந்த சர்ரியல் நல்லா போகும்"ங்கறாங்க. பாவம் ப்ரெத்தோன்.

சரி, கனவை விடுங்க. "விண்வெளி"ன்னு இன்னொரு பேர்லயும் இது விக்குது. இங்கதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. ஏன்னா நிஜமான விண்வெளிப் படத்துக்கு ஊர், பேர், தேதி, தூரம் எல்லாமே இருக்கு.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோட முதல் படங்கள் 2022 ஜூலை 12ஆம் தேதி வந்ததே, ஞாபகம் இருக்கா? ஆரஞ்சு கலர்ல மலை முகடு மாதிரி, மேலே நீலத்துல நட்சத்திரங்கள். அது கரைனா நெபுலாவோட ஒரு ஓரம், என்.ஜி.சி. 3324ங்கற பகுதி. சுமார் 7,600 ஒளி ஆண்டு தூரம். இதுல ஒரு சுவாரசியம் சொல்றேன். அந்தத் தொலைநோக்கியை இயக்கற நிலையம் அமெரிக்காவில பால்டிமோர்ல இருக்கு. அந்த ஊர்க்காரங்க மொட்டை மாடியில நின்னு எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் கரைனா தெரியாது, அவங்களுக்கு அது அடிவானத்துக்கு மேல வர்றதே இல்லை. நமக்கு வரும். சித்திரை மாசம் ராத்திரி ஒன்பது மணி வாக்கில், தெருவிளக்குத் தொல்லை இல்லாத இடமாப் போய், தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல சாதாரண பைனாகுலர்ல பார்த்தா அந்தப் பகுதி மங்கலான புகை மாதிரி தெரியும். அவங்க ஊருக்குத் தெரியாதது நம்ம ஊருக்குத் தெரியுது. நாம அதை விட்டுட்டு எந்த ஊருக்கும் தெரியாத ஊதா கிரகத்தை ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

"நாசா படம் மட்டும் நிஜ கலரா? அதுலயும் கம்ப்யூட்டர்ல கலர் போடறாங்களே"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆமா, போடறாங்க. ஹப்பிள் 1995ல் எடுத்த "படைப்பின் தூண்கள்" படத்தையே எடுத்துக்கோங்க. மூணு ஃபில்டர்ல தனித்தனியா கறுப்பு வெள்ளையில எடுத்தது. கந்தக வாயுவோட ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம்னு ஒதுக்கினாங்க. கண்ணால பார்த்தா ஹைட்ரஜனும் சரி, கந்தகமும் சரி, ரெண்டும் சிவப்பாத்தான் தெரியும். பிரிச்சுக் காட்டணுமேன்னு கலர் மாத்தினாங்க, மாத்தினதை எழுதியும் வெச்சாங்க.

நம்ம பி.காம். பாஷையில சொல்றதா இருந்தா, ஒவ்வொரு கலருக்கும் வவுச்சர் இருக்கு. எந்த எண்ட்ரி எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டா காட்ட முடியும். கேட்லாக் நம்பர் 14ல் ஊதா எங்கேயிருந்து வந்தது? ஊதா நல்லா விக்கும்ங்கறதுலேயிருந்து வந்தது. ஜர்னல் எண்ட்ரி போட்டுட்டு கீழே நரேஷன் எழுதாம விட்டா எங்க சார் ஒரு மார்க் கட் பண்ணுவார். இங்க எண்ட்ரியே பொய், நரேஷனுக்கு எங்கே போக?

விண்வெளிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3 நிலாவோட தென் துருவப் பக்கம் இறங்கினது. அந்தத் திட்டத்தோட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இன்ஜினியரிங் படிச்சது எங்கேன்னா, இதோ நம்ம மேற்கு தாம்பரம் சாய்ராம் காலேஜ்ல. ஆகஸ்ட் 30ல், இறங்கின விக்ரமை பிரக்யான் வண்டி திரும்பி நின்னு ஒரு போட்டோ எடுத்தது. கறுப்பு வெள்ளை. கல்லும் மண்ணும், நடுவுல நாலு கால்ல நிக்கற ஒரு பெட்டி. அழகுப் போட்டிக்கு அனுப்பினா முதல் ரவுண்டுலயே வெளியே போயிடும். ஆனா அந்தப் படத்தை மாட்டின வீட்டில் "இது எந்த ஊர்?"னு ஒரு குழந்தை கேட்டா, அரை மணி நேரம் பேசலாம்.

அந்தப் பேச்சு நாமக்கல் வரைக்கும் போகும். சந்திரயான்-2க்காக, நிலாத் தரை மாதிரியே ஒரு தரை போட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு மண் தேவைப்பட்டது. நிலாவோட மேட்டு நிலங்கள்ல இருக்கற அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்குது. அங்கேயிருந்து எடுத்து, அரைச்சு, டன் கணக்கில் கொண்டு போனாங்க. நிலாவுக்கு டூப் போட்டது நம்ம நாமக்கல்! முட்டைக்கும் லாரிக்கும் மட்டும்தான் அந்த ஊர்னு நினைச்சிட்டு இருந்தோம். சித்தம்பூண்டிப் பாறையை ஒருத்தர் நல்லா போட்டோ எடுத்து ஹாலில் மாட்டினார்னா, "விண்வெளி நிலப்பரப்பு"ங்கற பேருக்கு அதுதான் உண்மையான சொந்தக்காரர்.

இப்ப கணக்குக்கு வருவோம். நமக்கு அதானே தொழில்.

எங்க பிளாக்ல ஒரு அண்ணனுக்கு இன்டீரியர்க்காரங்க கொடுத்த கொட்டேஷனைப் பார்த்தேன். சுவர் 120 சதுர அடி. வால்பேப்பர் சதுர அடி 130 ரூபாய். ஆக 15,600. ஒட்டற கூலி 2,400. மொத்தம் 18,000. "இதெல்லாம் ஒரு காசா"ங்கறீங்களா? கையில இருந்த காசை அவர் கொடுக்கலை. மொத்த இன்டீரியரையும் வீட்டுக் கடன் மேல டாப்-அப் போட்டு, 20 வருஷத்துக்கு வாங்கியிருக்கார். வட்டி 9 சதவீதம்னு வெச்சுப்போம். இந்த 18,000க்கு மட்டும் மாசம் 162 ரூபாய் இ.எம்.ஐ. 240 மாசம் கட்டி முடிக்கறப்போ கிட்டத்தட்ட 38,900 ரூபாய்.

வால்பேப்பர் 20 வருஷம் இருக்குமா? நம்ம ஊர் ஈரத்துக்கு அஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சாலே பெரிய விஷயம். கிரகம் உரிஞ்சு விழுந்தப்புறமும் 15 வருஷம் அதுக்குத் தவணை கட்டணும். ஒரு செலவையும் அதோட பலனையும் ஒரே காலத்துல பொருத்தணும்னு முதல் வருஷம் முதல் பாடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. பரீட்சையில எல்லாரும் எழுதறோம். சொந்த வீடு வந்ததும் மறந்திடறோம்.

காசு போனா போகட்டும்னு விட்டுடலாம். விட முடியாத ஒண்ணு இருக்கு. இந்தப் பகுதியில வீடு பார்க்கற யாரா இருந்தாலும் இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க.

எங்க சித்தி குடும்பம் 2022ல் முடிச்சூர் பக்கம் ஒரு தரைத்தள வீட்டுக்கு வாடகைக்குப் போனாங்க. ஹாலில் மூணு சுவருக்கு வெள்ளை பெயின்ட், ஒரு சுவருக்கு மட்டும் மேலேயிருந்து கீழே வரை பால்வெளி, நட்சத்திரம், கிரகம். "பசங்களுக்குப் பிடிக்கும்னு ஒட்டினோம்"னார் ஹவுஸ் ஓனர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணி வீட்டுக்குள்ள ஏறிச்சு. மூணாவது நாள் வடிஞ்சப்புறம் பார்த்தா, கிரகம் ஊறி உப்பி, தானா உரிஞ்சு தரையில கிடக்குது. பின்னாடி சுவர்ல கறுப்புப் பூஞ்சை. அதுக்கு நடுவுல இடுப்பு உயரத்துக்கு, பழுப்புக் கலர்ல நேரா ஒரு பழைய கோடு. 2015 வெள்ளம் நின்ன கோடுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க.

2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி மூழ்கிக் கிடந்ததுன்னு ஊருக்கே தெரியும். ஆனா "இந்த வீட்டுக்குள்ள எவ்வளவு உயரம்?"ங்கறது அந்தச் சுவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சுவர் வாயைத்தான் கேலக்ஸி ஒட்டி மூடியிருக்காங்க. பீரோ அடித்தட்டுல வெச்சிருந்த தம்பியோட மார்க் ஷீட் எல்லாம் கூழாப் போச்சு. டூப்ளிகேட் வாங்க அவன் அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை. சித்தி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அந்தக் கோட்டை அப்படியே விட்டிருந்தா நான் மாடி வீடா பார்த்திருப்பேனே."

யோசிச்சுப் பாருங்க. அந்த வீட்டில் ஊர் பேரோட இருந்த ஒரே படம் அந்தப் பழுப்புக் கோடுதான். ஊர் முடிச்சூர், தேதி 2015 டிசம்பர், வரைஞ்சது அடையாறு. அதை மறைச்சுத்தான் ஊர் பேர் இல்லாத கிரகத்தை ஒட்டினாங்க. எல்லா வால்பேப்பருக்குப் பின்னாடியும் ஓதம் இருக்குன்னு நான் சொல்லலை. ஆனா தரைத்தள வீடு பார்க்கப் போனா, ஒத்தைச் சுவர்ல மட்டும் விண்வெளி இருந்தா, ஓரத்தைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. பொத்பொத்துன்னு சத்தம் வந்தா அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

மறைக்கறதுல இன்னொரு வகையும் உண்டு. நான் சொன்ன ஏழு வீட்டில் நாலு வீட்டில் தாத்தா பாட்டி போட்டோ ஹாலிலேயிருந்து பரணுக்குப் போயிடுச்சு. கேட்டா "தீமுக்கு செட் ஆகலை"யாம். கும்பகோணத்துலயோ திருநெல்வேலியிலயோ ஏதோ ஒரு ஸ்டூடியோவில், பின்னாடி மாளிகை வரைஞ்ச திரை, பக்கத்துல பூ ஜாடி, விறைப்பா உட்கார்ந்த ரெண்டு பேர். (அந்தத் திரை மாளிகையும் சர்ரியல்தான், பார்க்கப் போனா!) அட்டையைத் திருப்பினா ஸ்டூடியோ பேரும் ஊரும் சீலா குத்தியிருக்கும். ஊர் பேர் உள்ள படத்தை மேல தூக்கிப் போட்டுட்டு, முகமே இல்லாம முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கற ஒருத்தனை நடு ஹாலில் வெச்சிருக்கோம். அவன் யாருங்க? நமக்கு என்ன முறை? மாமனா, மச்சானா?

இதுக்கு வர்ற எதிர்வாதங்களையும் பார்த்திடலாம்.

ஒண்ணு: "என் வீடு, என் காசு, உனக்கென்ன?" ரொம்பச் சரி. உங்க சுவரை நான் வந்து உரிக்கப் போறதில்லை. ஆனா நீங்க என்னைக் கூப்பிட்டு, உட்கார வெச்சு, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டீங்க. கேட்டதுக்குத்தான் இது பதில். கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான்.

ரெண்டு: "குழந்தைக்கு விண்வெளி ஆர்வம் வரும்." வராது. ஆர்வம் கேள்வியிலேயிருந்து வரும். "இந்தக் கிரகம் பேரென்ன?"ன்னு குழந்தை கேக்கும்போது உங்ககிட்ட பதில் இல்லை. ரெண்டு தடவை கேக்கும், மூணாவது தடவை நிறுத்திடும். அதே இடத்துல சனிக்கிரகத்தோட நிஜப் படம் ஒண்ணு இருந்தா வளையம் எதனால ஆனதுன்னு அடுத்த கேள்வி வரும். நாசா படங்களைப் பெரும்பாலும் காப்புரிமைக் கட்டணம் இல்லாம எடுத்துக்கலாம், யாரோட படம்னு பேர் போட்டா போதும். போட்டோ ஸ்டூடியோவில் பிரிண்ட் போடற செலவு மட்டும்தான். கேட்லாக்கே வேண்டாம்.

மூணு: "அழகா இருக்கு, அது போதாதா?" இதுதான் பலமான வாதம், ஒத்துக்கறேன். வேலை முடிஞ்சு ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் நசுங்கி வர்ற பொட்டி தட்டற அண்ணன் அக்காக்களுக்கு, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆள் அரவமே இல்லாத ஒரு ஏரிக்கரை தேவைப்படுது. அதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரலை. தப்பிச்சு ஓட ஒரு இடம் எல்லாருக்கும் வேணும். ஆனா தப்பிச்சுப் போற இடத்துக்காவது ஒரு அட்ரஸ் வேண்டாமா? இப்பல்லாம் இந்த மாதிரி படத்தை ஒரு ஆள் உட்கார்ந்து வரையறது கூட இல்லை. "ஊதா வானம், ரெண்டு நிலா, தனிமை"ன்னு டைப் அடிச்சா ஏ.ஐ. ஒரு நிமிஷத்துல துப்பிடுது. யாருமே காணாத கனவுக்குள்ள போய் எப்படிங்க ஓய்வெடுக்கறது?

நாலு: "அப்ப என்னதான் மாட்டறது?" வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

தாம்பரத்துல ரயில் ஏறி பீச் பக்கமாப் போங்க. சானடோரியம், குரோம்பேட்டை தாண்டினா பல்லாவரம், திரிசூலம். வலது பக்கம் கரும்பச்சையா, வெட்டுப்பட்டு நிக்கற குன்றுகளைத் தினம் பார்த்தும் பார்க்காம போறோம். அந்தப் பாறைக்கு சார்னோகைட்னு பேர். கல்கத்தாவில ஜாப் சார்னாக்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்லறையில வெச்ச கல் இந்த வகைதான், அதனால தாமஸ் ஹாலண்டுங்கற புவியியலாளர் அவர் பேரையே வெச்சிட்டார். வயசு சுமார் 250 கோடி வருஷம். பரங்கிமலையில இருக்கற இந்தப் பாறையை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்னு அறிவிச்சிருக்காங்க. நீங்க காசு கொடுத்து வாங்கின கிரகத்துக்கு வயசு ஒரு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே ஓசியில நிக்கறதுக்கு 250 கோடி.

அதே பல்லாவரத்துலதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் தேதி ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில பழைய கற்கால மனுஷன் இருந்தான்ங்கறதுக்கு முதல் சாட்சி அதுதான். அந்தக் கோடரியைச் செஞ்சவன் ராத்திரி தலையைத் தூக்கிப் பார்த்திருப்பான் இல்லையா? மின்விளக்கே இல்லாத பல்லாவரத்து வானத்தை! அதை யாராவது வரைஞ்சு கொடுத்தா, சத்தியமா நானே 20 வருஷ இ.எம்.ஐ. போட்டு வாங்கறேன்.

கொஞ்சம் மேற்கே மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகள். செங்குத்தா வெட்டின பாறைச் சுவர், அடியில பச்சைத் தண்ணி. 2017லயும் 2019லயும் வறட்சி வந்தப்போ அந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ணித்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தாங்க. பாறையைத் தோண்டித் தின்ன ஊர், அந்தப் பள்ளத்துலேயே தண்ணி குடிச்சது. இதைவிட சர்ரியலா என்ன வேணும் உங்களுக்கு?

கிழக்கே பள்ளிக்கரணை. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை மேடு, ஒரு பக்கம் ஐ.டி. கண்ணாடிக் கட்டடம், நடுவுல ஆழமில்லாத தண்ணியில ஒத்தைக் கால்ல நிக்கற பூநாரைகள். 2022ல் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம் அது. வானத்துல திமிங்கலம் பறக்கற படத்துக்குக் காசு கொடுக்கற நாம, குப்பை மலை பின்னணியில இளஞ்சிவப்புப் பறவை நிக்கறதை பைக்கை நிறுத்திப் பார்க்கறதில்லை. காலேஜ்ல கேமராவோட சுத்தற பசங்க எத்தனை பேர் இருக்கீங்க! ரெண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கிட்டு இந்த இடங்களைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் கொடுத்தா, உங்களுக்கும் வருமானம், வாங்கறவங்களுக்கும் அட்ரஸ் உள்ள படம்.

போட்டோ வேண்டாம், ஓவியம்தான் வேணும்னா அதுக்கும் வெளியூர் போக வேண்டாம். கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியா போனா ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில சென்னை ஓவியக் கல்லூரியிலேயிருந்து வந்தவங்க சேர்ந்து உருவாக்கினது. படம் வித்துப் பிழைக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் பத்திக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கினாங்க. கணக்கு தெரிஞ்ச கலைஞர்கள்! வங்கிக்காரனுக்கு இ.எம்.ஐ. கட்டாம தங்களுக்குன்னு ஒரு ஊரையே வாங்கினவங்க.

அந்தப் பணிக்கரோட "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படங்களை அங்க இருக்கற அருங்காட்சியகம் மூலமாவோ, புத்தகத்துலயோ தேடிப் பாருங்க. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், படிக்க முடியாத எழுத்துக்கள், கணக்குக் குறிகள், சின்னச் சின்ன மிருகங்கள். நம்ம வீட்டு பீரோவில மஞ்சள் தடவி வெச்சிருக்கற ஜாதக நோட்டு இருக்கே, அதுல கிரகம் எல்லாம் கட்டத்துக்குள்ள உட்கார்ந்திருக்குமே, அந்த உலகம். கிரகத்தைச் சுவருக்குக் கொண்டு வர்றதுன்னா இப்படிக் கொண்டு வரணும். மூலப் படம் வாங்கற வசதி நமக்கு இல்லை, எனக்கு பஸ் பாஸுக்கே அப்பாகிட்ட கை நீட்டணும். ஆனா அங்க போய்ப் பார்க்கலாம், சின்ன ஓவியர்களோட சின்னப் படங்களை விசாரிக்கலாம். டாலி படமே காலண்டர் சைஸ்தான்னு மேல சொன்னேன் இல்லையா? சின்னதா வாங்கறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஒண்ணுமே பிடிக்கலையா? சுவரைச் சும்மா விடுங்க. வெள்ளையா இருக்கட்டும். வெறும் சுவர் ஒரு குத்தம் இல்லை. ஓதம் வந்தா உடனே தெரியும், குழந்தை கிறுக்கினா அதுக்கு ஒரு தேதி இருக்கும்.

ஆக, அடுத்த தடவை இன்டீரியர்க்காரர் கேட்லாக்கை விரிச்சு 14ஆம் பக்கத்தைக் காட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது எந்த ஊர்?" அவர் சொல்லிட்டார்னா தாராளமா வாங்குங்க. சொல்லாம முழிச்சார்னா அந்த 18,000 ரூபாயை எடுத்துக்கிட்டு, முதல்ல பரணுக்கு ஏணியைப் போடுங்க. தாத்தா போட்டோவுக்கு ஃபிரேம் மாத்த அதுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

டிஸ்கி: அந்த ஏழு வீட்டுக்காரங்கள்ல யாராவது இதைப் படிச்சா, சாப்பாடு நிஜமாவே பிரமாதம். அடுத்த விசேஷத்துக்கும் மறக்காம கூப்பிடுங்க. சுவர் பக்கம் பார்க்காம இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுட்டுப் போறேன் :-)